ஆடியில் இரண்டு வீடு

ஆடி மாதத்தில் வீடு மாறக்கூடாது என்று முதலில் சொன்னவர் யாராக இருந்தாலும், அவர் ஒருநாள்கூட வாடகை வீட்டில் இருந்திருக்க மாட்டார். சொந்த வீடு உள்ளவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

அப்போது என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அன்னவாசல் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிய ஆய்வு. பல்கலைக்கழகம் பாவம் பார்த்துக் கொடுத்த கடைசி நீட்டிப்பு ஆடியோடு முடிகிறது. தவறினால் பதிவு ரத்து. ஆவணியில் சேரச் சொல்லியிருந்த இலுப்பூர் பக்கத்துக் கல்லூரி வேலையும் அதோடு போய்விடும்.

நான் குடியிருந்தது திருக்கோகர்ணத்தில் ஒரு வீட்டின் மாடியில். இலுப்பூரில் வீடு தேடி அலைந்தேன். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுப்பதை அன்னதானம் போலச் செய்கிறவர்கள்தான் எங்கும். கடைசியில் கிடைத்த வீட்டின் சொந்தக்காரர் வளைகுடாவில் இருந்து திரும்பியவர். வேறு பார்ட்டி காத்திருக்கிறது, ஆனி முடிவதற்குள் பால் காய்ச்சினால் வீடு உங்களுக்கு என்றார். புத்தி கெட்டுப்போய்க் காய்ச்சினேன். பால் பொங்கி முடிந்ததும் சட்டம் பேசத் தொடங்கினார். பால் காய்ச்சிய வீடு இருட்டில் கிடக்கக்கூடாது, தினமும் சாயங்காலம் வந்து விளக்கேற்ற வேண்டும். ஆனால் ஆடியில் சாமான் இறக்கக்கூடாது, ராத்தங்கவும் கூடாது. வாடகை மட்டும் ஆடியிலேயே தொடங்கலாம், அதற்கு ஒரு தோஷமும் இல்லையாம்.

திருக்கோகர்ணத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். அவரும் சளைத்தவர் இல்லை. ஆடியில் காலி செய்தால் வீட்டுக்கு ஆகாது, ஆவணி பிறந்ததும் போங்கள், அதுவரை வாடகையைக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

ஆக, உட்கார்ந்து எழுத வேண்டிய மாதத்தில் நான் இரண்டு வீட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிற்பகலில் பஸ் ஏறி இலுப்பூர் போவேன். ஆளில்லாத வீட்டில் ஒரு திரியைக் கொளுத்துவேன். அது எரிந்து முடியும்வரை வெறும் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவேன். இதைவிடப் பைத்தியக்காரத்தனமான வேலையை நான் அதற்கு முன்னும் பின்னும் செய்ததில்லை. எழுதுவதற்கு மிஞ்சியது காலை நேரம் மட்டும்தான்.

பதினெட்டாம் பெருக்குக்கு முந்தின நாள் அப்படித் திரும்பி வந்தால், என் மாடி வாசல் நிறைய யார் யாருடைய செருப்புகளோ கிடந்தன. வீட்டுக்காரர் புதிதாகக் கல்யாணமான தன் மகளை ஆடிக்கு அழைத்து வந்திருந்தார். பெருக்குக்கு வந்த சம்பந்தி வீட்டாரை என் அறையில் தங்க வைத்துவிட்டார். என் ஆய்வேட்டுத் தாள்கள் ஓர் அரிசிச் சாக்கில் திணிக்கப்பட்டு, தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் கிடந்தன. கீழே இறங்கிப் போய் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"நீங்கதான் அங்கிட்டுப் பால் காய்ச்சிட்டீங்களே, அப்பறம் இது எப்புடி ஒங்க வீடாகும்?" என்றார்.

"அப்ப எதுக்கு இந்த மாச வாடகை வாங்குனீங்க?"

"ஆடியில காலி பண்ணக் கூடாதுல்ல."

பால் கணக்கில் நான் போய்விட்டவள், ஆடிக் கணக்கில் போகாதவள். இரண்டிலும் லாபம் அவருக்குத்தான். ஒன்றும் விளங்காதவர் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் நன்றாகவே விளங்கும். ராத்திரிக்குக் கீழே மகளோடு படுத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மை வேறு காட்டினார்.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சாக்கைத் தூக்கிக்கொண்டு இலுப்பூருக்குப் பஸ் ஏறினேன். வீட்டைத் திறந்து, கலைந்து கிடந்த தாள்களைத் தரை முழுக்கப் பரப்பி ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினேன். பாதி அடுக்குவதற்குள் வளைகுடாக்காரர் வாசலில் வந்து நின்றார். அவர் கண் சாக்கின் மேல்தான் இருந்தது.

"சாமான் எறக்கிட்டீங்களா?"

இங்கிருந்தும் கிளப்பிவிட்டால் இதை விரித்து வைத்து எழுத எனக்கு வேறு இடம் கிடையாது. ஆடி முடிய அதிக நாளும் இல்லை. காலிச் சாக்கைக் கவிழ்த்துக் காட்டினேன். அவர் குனிந்து தரையில் இருந்த ஒரு தாளை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வருடக்கணக்கில் வெயிலில் கிணறு கிணறாக அலைந்து நான் சேர்த்த அட்டவணை அது.

"வெறும் பேப்பரா? நான் சாமானோன்னு பயந்துட்டேன். இதெல்லாம் கணக்குல வராது, இருங்க."

அந்தத் தாளைப் பிடுங்கி, அது என்னவென்று அவருக்குப் புரியும்வரை கத்த வேண்டும் போல இருந்தது.

"ஆமாங்க, வெறும் பேப்பர்தான்" என்றேன்.

திருப்தியாகப் போய்விட்டார். மீதி ஆடி முழுக்க, காலையில் போய் விளக்கேற்றும் நேரம்வரை அந்தத் தரையில் உட்கார்ந்து எழுதினேன். கெடு முடிவதற்குள் கொடுத்தும்விட்டேன். ஆய்வேட்டின் நன்றியுரையில் யார் யாருக்கோ நன்றி சொல்லியிருக்கிறேன், அவருக்குச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஆடியில் என் படிப்பைக் காப்பாற்றியது, அதை அவர் ஒரு பொருட்டாகவே மதிக்காததுதான்.