பழைய நோட்டீசில் மிஞ்சிய சொல்

இது நடந்தது போன வருசம் ஆவணி மாதத்தில். சாவகச்சேரி பஸ் நிலையத்திலிருந்து சந்தைப் பக்கம் போகிற தெருவில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோக்கொப்பி எடுப்பேன், விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன், கடிதம், கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல் என்று கேட்டதெல்லாம் ரைப் செய்து கொடுப்பேன். பல வருசமாக ஒரே கதிரை, ஒரே மேசை. லப்டொப் மட்டும் மூன்றாவது. எதைக் கொண்டுவந்தாலும் அரை மணித்தியாலத்தில் தருவேன் என்பதுதான் என் பெருமை. தெருவில் இன்னும் இரண்டு கடை இருந்தும் சனம் என்னிடம் வருவது அதனால்தான் என்று கொஞ்சம் தலைக்கனத்தோடு நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை கடையைத் திறந்து லப்டொப்பைப் போட்டால், கீபோட்டில் ஐந்தாறு எழுத்துகள் விழவில்லை. போதாக்குறைக்கு மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற விசையும் அதற்குள் அகப்பட்டிருந்தது. புள்ளி இல்லாமல் தமிழில் எதை எழுதுவது? முந்தின கிழமை நானே அதன்மேல் பால் விடாத பிளேன்ரீயைச் சிந்தி, துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வேலை செய்கிறதுதானே என்று பேசாமல் இருந்துவிட்டேன். கொண்டுபோய்க் காட்டு என்று என் வீட்டுக்காரர் இரண்டு தரம் சொன்னார். நான் சொல்வழி கேட்கிற ஆள் இல்லை.

நிறுத்தித் திரும்பப் போட்டுப் பார்த்தேன். குழந்தைக்கு ஏவறை எடுக்கத் தட்டுவதுபோலக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினேன். ஒரு விசையை நகத்தால் கிளப்பி, பஞ்சில் ஸ்பிரிற் தொட்டுத் துடைத்தேன். திரும்பப் பொருத்தினபோது அது கோணலாக நின்றதுதான் மிச்சம். திரையிலேயே ஒரு கீபோட்டை வரவைத்து மவுசால் ஒவ்வொரு எழுத்தாக அமத்தலாம். அதையும் செய்து பார்த்தேன், ஒரு வரிக்கு ஐந்து நிமிசம் போனது. வெளியில் இருந்து பொருத்துகிற கீபோட் ஒன்று என்னிடம் இருந்தது, ஆனால் அது வீட்டில் கிடந்தது. ஸ்கூட்டரில் போய் எடுத்துக்கொண்டு வர இருபது நிமிசம். அந்த இருபது நிமிசத்தைப் பிறகு எத்தனை தரம் நினைத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

அந்த நேரம் பார்த்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையில் ஒரு கொப்பித் தாளோடு வந்தார். முகம் வாடியிருந்தது.

"அக்கா, பெரியப்பா நேற்று ஆஸ்பத்திரியிலை மோசம் போயிட்டார். நாளைக்குக் காலமை எடுக்கிறம். நோட்டீஸ் கெதியா வேணும். பெரியம்மா சொல்லச் சொல்ல நான்தான் பேருகளை எழுதிக்கொண்டு வந்தனான்."

இறந்தவரை எனக்கு அதிகம் பழக்கமில்லை. ஆனால் அந்தப் பெரியம்மாவை நன்றாகத் தெரியும். நான் கடை திறந்த காலத்திலிருந்து என்னிடம் வருகிறவர். போர்க்காலத்தில் ஒரு நாள் சைக்கிளில் வேலைக்குப் போன அவருடைய மூத்த மகன் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து தேடுகிறார். எந்த அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்புவதென்றாலும் நான்தான் ரைப் செய்து கொடுப்பேன். அந்தப் பிள்ளையின் உயரம், அன்றைக்குப் போட்டிருந்த சேட்டின் நிறம், கன்னத்தில் இருந்த தழும்பு எல்லாம் எனக்கு மனப்பாடம். மரணச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு அலுவலகத்தில் சொன்னபோது நீட்டிய கடதாசியைத் தொடாமலே எழும்பி வந்தவர் அவர். கிராம சேவகர் வீட்டுக்குப் பதிவுக்கு வந்தால் மகனின் பெயரையும் சேர்த்துத்தான் சொல்லுவார். ஊரில் அவருக்கு முன்னால் ஒருவரும் அந்தப் பிள்ளையைப் பற்றி இறந்த காலத்தில் கதைக்க மாட்டார்கள். அவர் அந்தப் பக்கம் போனபிறகு எப்படிக் கதைத்தார்கள் என்பது வேறு விசயம்.

செத்த வீட்டுக்காரரிடம், கீபோட் உடைந்துவிட்டது, வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன், இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரோ என்றும் இருந்தது.

"இருங்கோ தம்பி, அரை மணித்தியாலத்திலை தாறன்" என்றேன்.

எங்கள் பக்கத்து மரண அறிவித்தலைப் பார்த்திருப்பீர்கள். இறந்தவரைப் பற்றி இரண்டு வரி, உறவுக்காரரைப் பற்றி இருபது வரி. யாருடைய மகன், யாருடைய கணவர், யார் யாருடைய தந்தை, மாமனார், பாட்டனார் என்று பட்டியல் நீளும். அதில் ஒரு பெயர் விடுபட்டால் சண்டை, வரிசை மாறினால் அதைவிடப் பெரிய சண்டை. அந்தப் பட்டியலில் முன்னமே இறந்தவர்கள் இருந்தால் அவர்களுடைய பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவது வழக்கம். மற்றபடி எல்லா அறிவித்தலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதுதான் எனக்கு அன்று வசதியாகப் போனது.

இரண்டு மாதத்துக்கு முன்னர் புத்தூர் ஆள் ஒருவருக்குச் செய்து கொடுத்த அறிவித்தலைத் திறந்தேன். புதிய பெயர்களைக் கைபேசியில் தட்டி லப்டொப்புக்கு அனுப்பினேன். பிறகு பழைய பெயர் ஒவ்வொன்றையும் மவுசால் பிடித்து, அந்த இடத்தில் புதிய பெயரை ஒட்டினேன். கீபோட்டில் கை வைக்கவே தேவைப்படவில்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். புத்தூர்க்காரரின் மூத்த மகள் அவருக்கு முதலே இறந்துபோனவர். அவருடைய பெயரை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்த அம்மாவின் மூத்த மகனின் பெயரை வைத்தேன். பெயருக்கு முன்னால் இருந்த சொல் அப்படியே இருந்தது. என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

வந்தவர் திரையில் ஒரு தரம் பார்த்தார். எடுக்கிற நேரம், மயானத்தின் பெயர், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிள்ளைகளின் பெயர் இருந்த வரியை இரண்டாந்தரமும் வாசித்தார். பிறகு "ஓம் அக்கா, சரி" என்றார். நூறு பிரதி அடித்துக் கொடுத்தேன். படமாக அவருடைய கைபேசிக்கும் அனுப்பினேன். இறந்தவரின் மகள் பாரிசில் இருந்தார், அவருக்கு அதை அங்கேயே நின்று அனுப்பினார். மகள் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்புவார் என்றார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிசம் முந்தி முடித்திருந்தேன்.

வழக்கம்போல ஒரு பிரதியைக் கடை வாசல் பலகையிலும் ஒட்டினேன்.

பதினொரு மணியிருக்கும். பரீட்சைத் தாள் கொப்பி எடுக்க ஒரு ஆசிரியை வந்தார். வாசலில் நின்று நோட்டீசை வாசித்துவிட்டு உள்ளே வந்து கேட்டார்.

"அப்ப மகன்ரை விசயம் முடிவாத் தெரிஞ்சிட்டுதோ? பாவம் மனிசி, எவ்வளவு அலைஞ்சது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எந்த மகன் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். பிறகு எழும்பி வாசலுக்குப் போய் நான் செய்த நோட்டீசை முதல்தடவையாக வாசித்தேன். மகனின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது.

அந்தத் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நான் பாத்தனான் அக்கா" என்றார் அவர் மெதுவாக. "பாரிசிலை இருந்து தங்கச்சி உங்களோடை கதைச்சுச் சொல்லியிருப்பா எண்டு நினைச்சன். எண்டைக்கோ ஒருநாள் எழுதத்தானே வேணும் எண்டு..."

எனக்கு வந்த கோபத்தில் அவரைப் பிடித்து ஏசினேன். பிழை விட்டது நான், ஏச்சு வாங்கினது அவர். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் எழுதித் தந்த கொப்பித் தாள் என் மேசையிலேயே கிடந்தது. அதில் மகனின் பெயர் முதலாவதாக, மற்றப் பிள்ளைகளின் பெயரைப் போலத்தான் இருந்தது.

அந்தச் சொல்லை எடுக்க ஒரு விசை போதும். அந்த விசை நன்றாகவே வேலை செய்தது. திரும்ப நூறு அடித்து, கடையை இழுத்துப் பூட்டிவிட்டுப் பசை வாளியோடு ஸ்கூட்டரில் கிளம்பினேன். அந்தத் தம்பியும் சந்தியில் வந்து சேர்ந்துகொண்டார். லைட் போஸ்ட், மதில், பஸ் தரிப்பிடம் என்று ஒட்டிய ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து அதன்மேல் புதியதை ஒட்டினோம். ஒரு சந்தியில் இரண்டு பேர் நின்று பழையதை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அதை மறைத்து ஒட்டியபோதுகூட ஏன் என்று கேட்கவில்லை. காலையிலிருந்து அதை எத்தனையோ பேர் வாசித்திருக்கிறார்கள், ஒருவரும் இது பிழை என்று சொல்லவில்லை. எல்லாரும் எப்போதோ மனதுக்குள் போட்டுவிட்ட சொல்தான் அது. நான்தான் அச்சடித்திருந்தேன்.

மதில்களில் இருந்ததை மறைத்துவிட்டோம். பாரிசுக்குப் போனதை எதைக்கொண்டு மறைப்பது? மகளும் அதைப் பார்த்தாராம். அம்மா கடைசியில் மனதைத் தேற்றிக்கொண்டு ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்து, அழுதுகொண்டே எல்லாருக்கும் அனுப்பினாராம். நாங்கள் செத்த வீட்டுக்குப் போய்ச் சேர முன்னமே லண்டனிலிருந்து ஒரு சொந்தக்காரி அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, புருசனுக்கும் மகனுக்கும் சேர்த்து அழுதுவிட்டார்.

வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனேன். அந்த அம்மா உடலுக்குப் பக்கத்தில் இருந்தார். யாரோ கொண்டுவந்து கொடுத்த பழைய நோட்டீஸ் நாலாக மடித்தபடி அவருடைய கைக்குள் இருந்தது. என்னைக் கண்டதும் எழும்பினார். எல்லாருக்கும் முன்னால் ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அவர் என் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, உனக்கு ஆரும் ஏதும் சொன்னவையோ?"

எனக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கடையிலை நாலு சனம் வந்துபோற இடம். ஏதும் கடிதம் கிடிதம் உன்ரை கையிலை வந்ததோ? எனக்குச் சொல்லப் பயந்துபோய் உதிலை போட்டனியோ? சொல்லு பிள்ளை, நான் தாங்குவன். நீ சொன்னனீ எண்டு ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

என் பிழையை அவர் பிழையென்று எடுக்கவில்லை. செய்தி என்று எடுத்திருந்தார். இத்தனை வருசமாக எத்தனையோ கதவைத் தட்டியும் கிடைக்காத ஒரு பதில், என் கடையிலிருந்து வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கீபோட் வேலை செய்யாததை, பழைய நோட்டீசை எடுத்ததை, பெயரை மாற்றினதை எல்லாம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். புருசனைப் பறிகொடுத்து ஒரு நாள்கூட ஆகாத மனிசிக்கு முன்னால் நின்று, ஆறு விசையைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இதைவிட மோசமான விளக்கங்களை எத்தனையோ மேசைக்கு முன்னால் நின்று கேட்டவர்தானே.

"அப்ப, ஒண்டும் தெரியாது?"

"ஒண்டும் தெரியாது அம்மா. என்ரை பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் கட்டிலில் இருந்துவிட்டார். அவருடைய முகத்தில் அப்போது வந்தது ஆறுதலா ஏமாற்றமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். "புதுசைத் தா" என்று வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தார். மகனின் பெயரில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு எழும்பி, திரும்பப் போய் உடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை எனக்கு நித்திரை சரியாக இல்லை. இனி அவர் என் கடைப் படி ஏறமாட்டார் என்றுதான் நினைத்தேன். அது முடிந்து ஒரு கிழமையில் வந்தார். அதே பையும் அதே பழைய கடிதங்களும். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். ஒரு கடிதம் ரைப் செய்யவேண்டும் என்றார். நான் ஒவ்வொரு வரியையும் அடித்தபிறகு சத்தமாக வாசித்துக் காட்டினேன். வழக்கமாக, என் மகனைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்பதோடு கடிதம் முடிந்துவிடும். நான் அத்தோடு நிறுத்தினேன்.

"பொறு பிள்ளை, இன்னும் ஒரு வரி இருக்கு" என்றார். "இல்லையெண்டால், அவனுக்கு என்ன நடந்தது எண்டாவது சொல்லுங்கோ எண்டு போடு."

இத்தனை வருசத்தில் அவருடைய எந்தக் கடிதத்திலும் இல்லாத வரி.

"அம்மா, உதைக் கட்டாயம் போடத்தான் வேணுமோ?" என்று கேட்டேன்.

"போடு" என்றார்.

போட்டேன். கையெழுத்து வைத்து, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "உண்மையா உனக்கு ஒண்டும் தெரியாதோ பிள்ளை?" என்று கேட்டார். இப்போது எப்போது வந்தாலும் போகும்போது அதைக் கேட்கிறார். தெரியாது அம்மா என்று நான் சொல்கிறேன். அவர் என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகிறார்.

ஊர் முழுக்க மனதுக்குள் முடிவு கட்டியும், அலுவலகங்கள் கடதாசியை நீட்டியும், இத்தனை வருசமாக அந்த அம்மாவுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்ற ஒரு சந்தேகத்தை நான் என் அவசரத்தால் உள்ளே விட்டுவிட்டேன், அதைத் திரும்ப வெளியே எடுக்கிற வழி எனக்கு இன்றுவரை தெரியவில்லை.