தண்ணீர் கூட்டிய பருப்பு

நோயின் முதல் அறிகுறியை நானே என் கையால் சமைத்துக் கொடுத்தேன். அது அறிகுறி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஷஃபிக் பாய் வங்காளதேசத்திலிருந்து சிட்னிக்கு வந்தவர். பல கடைகளில் கோப்பை கழுவி, பிறகு டூங்கபி என்ற புறநகரில் சொந்தமாக ஒரு சாப்பாட்டுக்கடை திறந்தார். இலங்கையின் மன்னாரிலிருந்து வந்த நான் பதினொரு வருடங்களாக அங்கே சமையல்காரன். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான். இங்கே என் தமிழில் எழுதுகிறேன். "தம்பி" மட்டும் அவர் என்னிடம் கற்ற சொல்.

பாய் ருசி பார்க்காமல் எந்தக் கறியும் குசினியை விட்டு வெளியே போகாது. நோன்பு மாதத்தில் மட்டும் அந்த வேலை கத்தோலிக்கனான எனக்கு. நாக்கில் வைத்துத் துப்பலாமே என்றால், "சும்மா இருக்கிற ஆசையை ஏன் எழுப்ப வேணும்?" என்பார்.

அந்த வருடம் நோன்பு திறக்கையில் அவர் பேரீச்சம்பழத்தைக் கரைத்துக் குடித்தார். "தம்பி, பருப்பைக் கொஞ்சம் தண்ணியாக்கு" என்றார். ஆக்கினேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் என் மனைவி செல்வி ஒருநாள் கடைக்கு வந்தாள்.

"பாய் ஏன் இப்பிடி மெலிஞ்சு போனார்?"

"நோன்புதானே."

"நோன்பு போன வருசமும் வந்ததுதானே."

எனக்குக் கோபம் வந்தது. எல்லாவற்றிலும் நோய் தேடுகிறவள் என்று நினைத்தேன்.

பெருநாளன்று அவர் வீட்டில் பிரியாணி. முதல் வாயே பாயின் நெஞ்சுக்குள் நின்றுவிட்டது. உட்கார்ந்திருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண்ணால் நீர் வழிந்தது. அவர் மனைவி நஸ்ரின் அக்கா முதுகைத் தடவியபடி எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார்.

"நோன்புக்கு முதலே தொடங்கினது" என்றார் பாய்.

என்டொஸ்கோப்பி (வாய்வழியே கமராக் குழாயை விட்டுப் பார்க்கும் சோதனை) முடிந்ததும் அக்கா என்னையும் உள்ளே அழைத்தார். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய்க் கட்டி, பரவியிருக்கிறதா என்று ஸ்கான் எடுக்கவேண்டும் என்றார் வைத்தியர்.

"டொக்டர், நான் திரும்பச் சாப்பிடுவனா?"

"அதுக்குத்தான் முயற்சி செய்யப்போறம்."

ஆம் என்று அவர் சொல்லவில்லை. ஸ்கான் முடிவு வரும்வரை கடையில் ஒரே கறிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். அவர் செத்துவிடுவார் என்று பயந்தேன். மாதம் முழுக்கத் தண்ணீர் ஊற்றியவன் நான்தானே என்றும் பயந்தேன்.

பரவியிருக்கவில்லை. கீமோதெரபி (புற்றுநோய் உயிரணுக்களை அழிக்கும் மருந்து), கதிர்வீச்சு, பிறகு அறுவைச் சிகிச்சை. நோயுற்ற பகுதியை வெட்டி, இரைப்பையை மேலே இழுத்துப் பொருத்தினார்கள். பல வாரங்கள் வயிற்றில் செருகிய குழாய்வழியே பால்போன்ற ஓர் உணவு சொட்டியது. ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டவர் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் யாராவது எல்லாவற்றையும் கரைத்துக் குடிக்கத் தொடங்கினால், தயவுசெய்து வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். நோன்பு, தவக்காலம், பல்வலி என்று எங்களிடம் காரணங்களுக்குக் குறைவில்லை.

அடுத்த நோன்பு மாதம் வந்தது. இரண்டு மணிநேரத்துக்கொருமுறை ஒரு பிடி சாப்பிடவேண்டியவர் நோன்பு பிடிக்கக் கூடாது என்று வைத்தியரும் பள்ளிவாசல் இமாமும் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பகலில் சாப்பிட வெட்கப்பட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றே விழுங்குவார்.

ஒருநாள் மதியம் என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, ஆட்டுக்கறிக் குழம்பை வாயில் விட்டார்.

"உப்புக் கூடிப்போச்சு. பதினொரு வருசமா நோன்புக்கு இப்பிடியே போட்டனீ?"

"ஓம் பாய்."

"ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே."

சிரித்தார். பிறகு ஒரு துண்டு இறைச்சியை எடுத்து நெடுநேரம் மென்று விழுங்கினார். சிரிப்பு நின்றது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

அடுப்பைக் குறைத்தேன். ஒரு வாய் உணவு மனிதனின் நெஞ்சைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முன்பு நான் யோசித்ததே இல்லை. இப்போது என் வாயில் சோறு இருக்கும்போதும் எண்ணுகிறேன். அன்று பன்னிரண்டுவரை எண்ணிவிட்டேன்.

பாய் கையை எடுத்தார்.

"இறங்கிப்போட்டுது" என்றார்.