புழுப் பானை

எழுபது வயதைத் தாண்டியவன் ஒரு பானைப் புழுவுக்காக வருந்துகிறேன் என்றால் பேரப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றுக்கு அக்கரையில், சமணக் குடும்பங்கள் வாழ்ந்த தெருவில் எங்கள் வீடு இருந்தது. கொல்லையில் ஓர் எருக்குழி. சாணம், சாம்பல், காய்த்தோல், எச்சில் இலை என்று ஒரு வருடக் குப்பை அதில் மக்கிக் கிடக்கும். உடைந்த சட்டிகளும் கண்ணாடியும் மூலையில் தனிக் குவியல். சித்திரையில் மாட்டு வண்டி பிடித்து, எருவை வயலுக்கு அனுப்புவோம். கடைசி நடையில் ஓட்டாஞ்சில்லெல்லாம் ஊர்க்கோடிக் குப்பைமேட்டுக்குப் போகும்.

அரை நாள் வேலை. அத்தையால் அது ஒரு நாள் ஆகும். அப்பாவின் அக்கா அவள். இளம் வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். புழு சாகிறதே என்று, பட்டுக்குப் பேர்போன ஊரில் பட்டுச்சேலையே தொடாதவள். எருக்குழியிலோ கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள். வயலில் கொட்டினால் காக்கை தின்றுவிடும் என்று, ஒவ்வொரு கூடையிலும் கைவிட்டுப் பொறுக்கி, எரு நிரப்பிய பானையில் விடுவாள்.

வண்டிக்காரர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். "இன்னாம்மா, ஒண்ணொண்ணா எண்ணிக்கினு இருக்கிறியே, இதுங்களுக்கு ரேஷன் கார்டு எதனா வாங்கப் போறியா?"

"நீ நெழல்ல குந்துப்பா. அதுங்களுக்கும் உசுரு இருக்குதுல்ல."

எனக்குப் பத்து வயதான வருடம் அந்தப் பானை என் பொறுப்பில் வந்தது. குப்பைமேட்டு வேப்பமரத்தடியில், யாரும் கிளறாத பழைய குவியலில் புழுக்களை விட்டுவிட்டு வர வேண்டும்.

"வுட்டுட்டேன்னு நீ வந்து சொன்னாதான் எனக்குச் சோறு எறங்கும். பொழுது சாயறதுக்குள்ள வந்துடுப்பா," என்றாள் அத்தை. பொழுது சாய்ந்தபின் அவள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

உடைந்த சட்டிகளின் மேல் சாக்கை விரித்து, மடியில் பானையுடன் ராஜா மாதிரி போனேன். வண்டிக்காரர் குப்பையைத் தள்ளிவிட்டு அப்படியே தன் ஊர்ப் பக்கம் போய்விட்டார். மேட்டுக்குக் கீழே ஆற்று மடுவில் மூன்று பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பானைல இன்னாடா, பாயசமா?"

"புழு."

எட்டிப் பார்த்தவன் கத்தினான்: "டேய், தங்கம்டா! மண்புழுவெல்லாம் இதுங்கிட்ட நிக்குமா? குடுடா, தூண்டில உன் கைல தர்றோம்."

எங்கள் தெருவில் தூண்டிலைத் தொட்ட பையன் கிடையாது. நான் யோசித்தேன். பானையைக் கீழே வைக்க ஆகும் நேரம்தான் யோசித்தேன். பொழுது போனதே தெரியவில்லை. நான் போட்ட தூண்டிலில் ஒரு கெண்டை மாட்டியது. முள்ளிலிருந்து நானே கழற்றினேன். அத்தனை சந்தோஷமான சாயங்காலம் எனக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. மேற்கே மெல்லிய பிறை ஒன்று தெரிந்தது. அதைப் பார்த்தபடியே காலிப் பானையோடு வீட்டுக்கு ஓடினேன்.

அத்தை கொல்லைக் கதவருகில் நின்றிருந்தாள்.

"பத்திரமா வுட்டியா?"

"வுட்டேன் அத்தை. எல்லாம் உள்ள பூந்துக்கிச்சு."

கிணற்றடிக்கு இழுத்துப் போய் என் கைகளைப் புளி போட்டுத் தேய்த்தாள். பிறகு சாம்பல். பிறகு மறுபடி புளி. சாண நாற்றத்துக்கு என்று நினைத்துக்கொண்டேன். மீன் வாடை எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பினேன். அன்று அவள் சாப்பிடவில்லை. நான் தாமதமாக வந்ததுதான் காரணம் என்று கொஞ்சம் உறுத்தியது.

மறுநாளும் அவள் தண்ணீர்கூடத் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"சதுர்த்தசிப்பா," என்றாள். சமணர்கள் உண்ணாதிருக்கும் நாள் அது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, அத்தையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சதுர்த்தசி என்பது அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ முந்தின நாள். மேற்கே மெல்லிய பிறை கண்ட மறுநாள் அது வராது. இதை யோசித்துப் பார்க்க எனக்கு எத்தனையோ வருடங்கள் ஆயின. அதற்குள் அத்தை போய்விட்டாள். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை, நானும் ஒப்புக்கொண்டதில்லை.

சதுர்த்தசி என்று சொன்ன அன்று அவள் பங்கு அடையையும் என் தட்டிலேயே வைத்தாள். வெல்லம் தொட்டுத் தின்றேன். சதுர்த்தசி அடிக்கடி வந்தால் தேவலை என்று மட்டும்தான் அப்போது எனக்குத் தோன்றியது.