கம்பளத்துக்கு அடியில் போன வயர்

ஐம்பதைத் தாண்டிய பிறகு நான் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியிருக்கிறேன். கடையில் இருந்ததிலேயே மலிவானது. இந்த வயதில் மனிதர்கள் முழங்காலுக்குத் தைலம் வாங்குவார்கள், கொஞ்சம் துணிந்தவர்கள் மனை வாங்குவார்கள். எங்கள் கூடுவாஞ்சேரிக் குடியிருப்பின் காவலாளி பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இஸ்திரி பலகையா சார்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கிட்டாரோடு ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியும் கொடுத்தார்கள். அதை இன்னும் பிரிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, வயர் சொருகாமல், காதைக் கட்டையோடு ஒட்டி வைத்து வாசிக்கிறேன். அப்படி வாசித்தால் தகர டப்பாவுக்குள் மாட்டிய வண்டு மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் நான் அபாரமாக வாசிக்கிறேன்.

இந்த வியாதி எனக்கு மாமாவிடமிருந்து வந்தது. மாமா, அம்மாவின் தம்பி. நான் சிறுவனாக இருந்தபோது அவருக்கு மகாபலிபுரத்தில் ஒரு லாட்ஜில் வேலை. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர், விமானத்தில் ஏற்றும் அளவுக்கு இதற்குத் தகுதியில்லை என்று முடிவு செய்து, ஒரு சிவப்பு கிட்டாரை அவரிடம் மலிவாகத் தள்ளிவிட்டுப் போனார். ஸ்பீக்கர் கூட வரவில்லை. அப்படி ஒன்று வேண்டும் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கரண்ட்டு கிட்டார் என்றால் கரண்ட் இல்லாத இடத்தில் கொஞ்சம் மெதுவாகக் கேட்கும் என்று புரிந்துகொண்டோம். செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு மாமா வந்தால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க அந்த வண்டுச் சத்தத்தைக் கேட்போம். கடற்காற்றில் கம்பிகள் துருப்பிடித்தன. புதுக் கம்பிக்கு மெட்ராஸ் போக வேண்டும். ஆகவே சைக்கிள் செயினைப் பார்த்துக்கொள்கிற மாதிரி மாமா அவற்றுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவந்தார். கிட்டாரும் எங்கள் தலைகளும் ஒரே வாசனை அடித்தன.

கையில் கிட்டார் இருந்ததால் ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டுப் பாடுகிற குழு. முதலாளியே கீபோர்டும் வாசிப்பார். எங்கள் பக்கத்தில் கச்சேரி பேச வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மேடைல கிட்டாரு நிக்குமா?" என்றுதான். பாடுகிறவர் யார் என்பதெல்லாம் அப்புறம்.

மாமாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்டார் என்றதும் வந்த இடமெல்லாம் நழுவின. தினம் ஒரு கல்யாணம் செய்துகொள்ளும் பெருமாள் திருவிடந்தையில் பக்கத்திலேயேதான் இருந்தார். தன் வேலையாகவே இருந்தார். கடைசியில் பெண்ணைப் பெற்ற ஒரு லாரிக்காரர் மட்டும், "புள்ளயாண்டான் இன்னாதான் வாசிக்கிறான்னு ஒரு தபா கேட்டுட்டு முடிவு சொல்றேன்" என்றார். "இதுவும் போச்சுன்னா அவன் அந்தக் கட்டையத்தான் கட்டிக்கினு அழணும்" என்றாள் அம்மா.

அந்தக் கச்சேரி கடற்கரைச் சாலையோரம் ஒரு மண்டபத்தில், மாலை நேரத்து வரவேற்பு ஒன்றில் நடந்தது. லாரிக்காரர் பக்கத்தில் என்னை உட்கார வைத்தாள் அம்மா. எது மாமாவின் சத்தம் என்று அவருக்கு அடையாளம் காட்டுவது என் பொறுப்பு. மேடையில் மாமா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். விரல்கள் பறந்தன. கிட்டாரிலிருந்து கிளம்பிய வயர் கம்பளத்துக்கு அடியில் நுழைந்து எங்கோ போயிற்று. இழைத்து இழைத்து ஒரு கிட்டார் ஒலி மண்டபமெங்கும் பரவியது.

"இது எங்க மாமா" என்றேன்.

"சோக்காத்தான் கீது" என்றார் லாரிக்காரர்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்த பாட்டில் புல்லாங்குழல் வந்தது. அதையும் மாமா கணக்கில் எழுதினேன். லாரிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் பக்கத்தில் இருந்த மனைவியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். பின்வரிசையில் அம்மா கையெடுத்துக் கும்பிட்டது மணமக்களை அல்ல, கச்சேரி மேடையை.

அப்போது கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். அது ஒரு முறை உறுமியதில் விளக்குகள் கண் கூசும்படி எரிந்து அடங்கின. மைக் பிழைத்துக்கொண்டது. கீபோர்டு புகைந்தது. முதலாளி அதைத் தட்டினார், உலுக்கினார், கெட்ட வார்த்தை ஒன்றை மைக்குக்கு எட்டாத தூரத்தில் சொன்னார். கூட்டம் விசிலடித்தது. அவர் குனிந்து கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினார். மாமாவின் வயர் அங்கே சுருட்டி முடிச்சுப் போட்டுக் கிடந்தது. அதைப் பிரித்து ஆம்பிளிஃபையரில் சொருகினார்.

"சொருகு சொருகுன்னு ரொம்ப நாளா கேட்டுகினு இருந்தியே மச்சான்," என்றார். "வாசி."

நான் முன்வரிசையில் இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. எதுவும் மண்டையில் ஏறவில்லை. கரண்ட் போனபோது வயர் பிடுங்கிக்கொண்டது, மறுபடி மாட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

மாமா கையை வைத்ததும் கர்ரென்று ஒரு இரைச்சல். வயர் சொருகும் துளையைக் கடற்காற்று தின்றிருந்தது. அதற்குப் பின்னால் எண்ணெயில் ஊறிய கம்பிகள், ஈரப் போர்வையைக் கல்லில் அடிப்பது போல, தொம் தொம் என்றன. பாடகர் ஒரு சுருதியில் தொடங்கினார். கிட்டார் பக்கத்து ஊரில் இருந்தது. பாடகர் நிறுத்திவிட்டார். மாமா நிறுத்தவில்லை. ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார், அங்கே வேறு யாரோ நின்று வாசிப்பது போல. பிறகு அந்தப் பாட்டை முழுதுமாக, ஒரு வரி விடாமல், கடைசி வரைக்கும் வாசித்தார். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. முடிந்ததும் நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டாததால் நன்றாகவே கேட்டது.

"இன்னா தம்பி," என்றார் லாரிக்காரர், "அப்ப மின்ன வாசிச்சது யாரு?"

"மாமாதான். கரண்ட்டு போனதுல கிட்டாரு ரிப்பேராயிடிச்சி."

"அப்டியா" என்றார். வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். குடும்பத்தோடு பந்தியில் உட்கார்ந்தார், பாயசம் இரண்டாவது முறை கேட்டு வாங்கினார், அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

மாமா மண்டபத்தின் பின்புறம், எச்சில் இலைகள் குவிந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. கண்ணையும் அதே கைக்குட்டையால் துடைத்ததால், எண்ணெய் பட்டுக் கண் எரிகிறது என்று எனக்கு விளங்கியது. ஆறுதல் சொல்வது என் கடமை.

"அடுத்த தபா கரண்ட்டு போவாது மாமா."

"போவாதுடா" என்றார்.

போகவில்லைதான். மாமா அதற்குப் பிறகும் பல வருடம் மேடையேறினார். நானும் போயிருக்கிறேன். கச்சேரி தொடங்குமுன் வயரின் நுனியை அவரே காலால் கம்பளத்துக்கு அடியில் தள்ளிவிடுவார். இழைத்து இழைத்து அந்த இனிய ஒலி வரும். மாமா கிட்டாரை ரிப்பேர் செய்துவிட்டார் என்று நான் பக்கத்தில் இருப்பவர்களிடம் பெருமையாகச் சொல்வேன். அந்த மண்டபத்தில் அவர் ஒரே ஒரு நாள் மோசமாக வாசித்தார் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஒரு நாள்தான் அவர் வாசித்தார், மற்ற நாளெல்லாம் வாசித்தது முதலாளியின் கீபோர்டு என்பது உறைக்க எனக்கு மீசை முளைக்க வேண்டியிருந்தது. அதற்குள் பெண் கேட்டுப் போகிற வயதை மாமா தாண்டியிருந்தார். சிவப்புக் கிட்டார் லாட்ஜின் பழைய மெத்தைகளோடு எங்கோ போய்விட்டது. அவர் அதை விசாரிக்கவில்லை.

போன வாரம் மாமா கூடுவாஞ்சேரிக்கு வந்திருந்தார். இஸ்திரி பலகையை எடுத்துக் காட்டினேன். தொட மறுத்துவிட்டார். மின்விசிறியை மட்டும் அவரே எழுந்து நிறுத்தினார். நான் வாசித்தேன். காதைக் கிட்டத்தில் கொண்டுவந்து, கண்ணை மூடி, முழுப் பாட்டையும் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்பீக்கர் பெட்டியை இழுத்து, பிரிக்கட்டுமா என்று கேட்டேன்.

"வாணாம்டா," என்றார் மாமா. "இப்ப நல்லாத்தான கீது."