குடும்பத் தலைவி பூங்குழலி

மைசூர் சரஸ்வதிபுரத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் பூங்குழலி சமையல்காரி. எட்டு வயது மகள் அஷ்வினியைக் கையில் பிடித்துக்கொண்டு கொள்ளேகாலுக்கு அப்பால் உள்ள ராமாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள். கணவன் ஜடையன், மாதேவி என்றொருத்தியை வீட்டுக்கே கூட்டிவந்து, "அவளும் இருந்துட்டுப் போகட்டும்" என்று சொன்ன மறுநாள் கிளம்பியது அது. பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. மைசூரிலேயே கேசரேயில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து மகளைப் படிக்க வைத்தாள். அஷ்வினிக்கு இப்போது ஒரு கம்பெனியில் வேலை. தமிழைவிடக் கன்னடம்தான் அவளுக்குச் சரளம்.

சோற்று அண்டாவை இறக்கப் போன ஒரு காலையில் பூங்குழலிக்கு மூச்சு நின்றுவிடும் போலாயிற்று. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர், சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். மார்டள்ளியில் அம்மா வீட்டில் அப்படிப் படுத்துக் கிடந்தது அவளுக்கு நினைவிருந்தது. அதுதான் இதயத்தைப் பிடித்திருக்கிறது, ஒரு வால்வு சுருங்கிவிட்டது, ஆபரேஷன் செய்து மாற்ற வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார்.

அரசாங்கக் காப்பீட்டுக்கென்று ஆஸ்பத்திரியில் தனி கவுண்டர் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பசவராஜ் தன்மையான மனிதர். "ஏழைங்களுக்குக் குடுக்கற பிபிஎல் ரேஷன் கார்டு இருந்தா ஒரு பைசா செலவில்லம்மா. கார்டு எடுத்துட்டு வாங்க" என்று கன்னடத்தில் சொன்னார். பூங்குழலியிடம் கார்டு இல்லை. விடுதியிலேயே சாப்பாடு முடிந்துவிடும். ரேஷன் அரிசியைப் பற்றி அவள் யோசித்ததே கிடையாது.

விண்ணப்பிக்கப் போன சேவை மையத்தில் முதல் நாள் இணையதளம் திறக்கவில்லை. அடுத்த முறை போனபோது திறந்து, அவள் முறை வருவதற்குள் மூடிக்கொண்டது. படியேறி இறங்குவதே பெரும்பாடாக இருந்தவள், விடுதியில் லீவு சொல்லிச் சொல்லி ஓனரம்மாவின் முகம் சுளிப்பதைப் பார்த்தாள். ஒருவழியாக ஒரு நாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் அவளுடைய ஆதார் எண்ணை அடித்தாள். அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க பேர்ல கார்டு இருக்கே. ராமாபுரத்துல. நீங்கதான் குடும்பத் தலைவி."

திரையில் இருந்த போட்டோவைப் பூங்குழலி குனிந்து பார்த்தாள். கனகாம்பரம் வைத்துக்கொண்டு, கன்னம் உப்பலாக, அவளேதான். கீழே கணவர் ஜடையன், மகள் அஷ்வினி. அவள் விட்டுவிட்டு வந்த குடும்பம் கார்டில் கலையாமல் இருந்தது. அவளை அது விடவில்லை.

"என் பேரை எடுத்துட்டு எனக்கும் பொண்ணுக்கும் தனியா ஒண்ணு குடுங்கம்மா."

"தலைவி பேரை எடுத்தா அந்தக் கார்டே போயிடும். புதுசு இப்ப குடுக்கறதில்ல. அர்ஜின்னு மனு மட்டும் வாங்கி வெக்கறாங்க, அவ்வளவுதான்."

"அப்ப இந்தக் கார்டுலயே ஆபரேஷன் பண்ணிக்கலாமா?"

"பண்ணலாம். ஆனா இதை நிறுத்தி வெச்சிருக்காங்க. நீங்களும் பொண்ணும் கைரேகை வெக்கலையே. அந்த ஊர் ரேஷன் கடைக்கே போய் வெக்கணும். கூடவே ஓடிபி வரும், கார்டுல இருக்கற போன் நம்பருக்கு."

அந்த நம்பர் ஜடையனுடையது.

அஷ்வினி கேட்டதும் கொதித்துப்போனாள். "பேடம்மா, வேணாம். அந்த ஆள் வாசல்ல போய் நீ நிக்க பேடா. நான் கம்பெனில லோன் கேக்கறேன்."

பூங்குழலி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நாலு பல் உரிப்பதற்குள் அவள் இளைப்பாற வேண்டியிருந்ததை மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டார்கள்.

கொள்ளேகாலில் பஸ் மாறும்போது நடைமேடையிலேயே வெகுநேரம் உட்கார்ந்து மூச்சைச் சேகரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ராமாபுரத்தில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. வீட்டுக் கதவைத் திறந்தது மாதேவி. அவளைப் பார்த்தால் இன்னின்ன கேட்க வேண்டும் என்று பூங்குழலி இத்தனை வருஷமாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒரு சொல்லுக்குக்கூட மூச்சு மிஞ்சவில்லை. மாதேவி ஒன்றும் கேட்காமல் உள்ளே ஓடி ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள்.

"உக்காருங்கக்கா."

பூங்குழலி உட்கார்ந்தாள். கொடுத்த தண்ணீரைக் கையில் வாங்கினாள், குடிக்கவில்லை. அஷ்வினி வாசலைத் தாண்டி வரவேயில்லை.

காட்டு வேலையிலிருந்து வந்த ஜடையன் முற்றத்தில் அப்படியே நின்றான். இளைத்து, முன்தலை நரைத்திருந்தான்.

"கார்டுக்கா?" என்றான்.

"ஆமா."

"அரிசி நின்னு நாலு மாசம் ஆச்சு. உன்ற ரேகை வேணும்னாங்க. போன் போட்டுக் கேக்க வாய் வரல."

மாதேவி கதவோரமாக நின்றிருந்தாள். "என்ற பேரு எந்தக் கார்டுலயும் இல்லைங்கக்கா. தலைவி வந்து சொன்னாத்தான் சேப்பாங்களாம். உங்களை எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது?"

பூங்குழலி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "கடைக்குப் போலாம்" என்று எழுந்தாள்.

கடையில் சர்வர் இல்லை. வரும், இருங்கள் என்றார் கடைக்காரர். சாக்குகள் அடுக்கியிருந்த தாழ்வாரத்தில் பூங்குழலியும் ஜடையனும் உட்கார்ந்தார்கள். அஷ்வினி ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமர நிழலில் போனைப் பார்த்தபடி நின்றாள். ஜடையன் மகளுக்கும் சேர்த்து டீ வாங்கிவந்தான். அவள் டம்ளர் ஆடை படிந்து அப்படியே இருந்தது.

"உடம்புக்கு என்ன?" என்று அவன் கேட்டான்.

"இருதயத்துல வால்வு கெட்டுப்போச்சு."

"இப்பத்தானா?"

"உங்க வீட்டுல இருக்கையிலேயே மூச்சு வாங்கும். குடம் தூக்க முடியாம நின்னா, வேலைக்குச் சோம்பல் படறேன்னு சொன்னீங்க."

ஜடையன் தரையைப் பார்த்தான். "சொன்னேன்" என்றான். மறுபடியும், "சொன்னேந்தான்" என்றான். அவளுக்கு அழுகை வரவில்லை. அவன் மறுத்திருந்தால் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் சர்வர் வந்தது. இருவர் ரேகையையும் மெஷின் ஏற்றுக்கொண்டது. ஓடிபி வந்தபோது ஜடையனுக்கு எழுத்து தெரியவில்லை. கண்ணாடி வீட்டில் இருந்தது. போனை நீட்டியபடி நின்றான். அஷ்வினி வாங்கி எண்களைக் கடைக்காரரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அப்பனுக்குப் பக்கத்தில் நின்று அவள் பேசியது அவ்வளவுதான்.

அதோடு தீரவில்லை. மைசூரில் பசவராஜின் கம்ப்யூட்டரில் கார்டு இன்னும் நிறுத்தப்பட்டதாகவே காட்டியது. "இன்னும் அப்டேட் ஆகலம்மா, அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். மூன்றாம் வாரம், நுரையீரலில் நீர் கோத்து, பேச்சு வராத நிலையில் அவளை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தாள் அஷ்வினி. படுக்கையில் சேர்த்த பிறகும் அனுமதி வரவில்லை. பசவராஜ் கவுண்டரை விட்டு எழுந்துவந்து, வார்டு வாசலில் நின்றே பெங்களூர் காப்பீட்டு ஆபீசுக்குப் போன் மேல் போன் போட்டார். "பேஷண்ட் இங்க கிடக்கறாங்க சார், நீங்க பேப்பர் கேக்கறீங்க" என்று அவர் குரல் உயர்ந்ததை அஷ்வினி அன்றுதான் கேட்டாள். அனுமதி சனிக்கிழமை மதியம் வந்தது. திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது.

பூங்குழலி பிழைத்தாள். ஆனால் அண்டா தூக்கக் கூடாது என்றுவிட்டார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் மாத்திரை. விடுதியில் இப்போது காய் நறுக்கும் வேலைதான் கொடுக்கிறார்கள், சம்பளமும் அதற்கேற்பத்தான். ஆஸ்பத்திரிக்கு ஜடையன் வரவில்லை. மாதேவி ஒரு முறை போனில் அஷ்வினியிடம் விசாரித்தாள்.

கார்டில் பெயர் சேர்க்கலாம் என்று அறிவிப்பு வந்தபோது, பூங்குழலி மகளிடம் சொல்லாமல் சேவை மையத்துக்குப் போனாள். மாதேவியின் ஆதார் எண்ணைப் போனில் கேட்டு வாங்கியிருந்தாள். அதே பெண்தான் இருந்தாள்.

"தலைவிக்கு இவங்க என்ன உறவு? போடணும்."

மாதேவியை மன்னித்துவிட்டாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் பூங்குழலி சொல்லியிருப்பாள். ஆனால் நாளைக்கு அந்தப் பொம்பளைக்கு ஒன்று என்றாலும் எவனோ கார்டு எங்கே என்றுதான் கேட்பான். வரிசையில் பின்னால் நின்றவர் பொறுமையிழந்து தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சின்னு போடுங்க" என்றாள்.

விஷயம் தெரிந்து அஷ்வினி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு பேசினாள். மாதேவியைச் சேர்க்கக் கொடுத்த அர்ஜி இன்னும் முடிவாகவில்லை. மாத்திரை வாங்கப் போகிற நாட்களில் பூங்குழலி சேவை மையத்துக்குள் எட்டிப் பார்த்து, ஆச்சா என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.