உட்கார்ந்து பார்க்காத பெல்ட்

“அண்ணே, மூச்சு முட்டுது. பெல்ட்ட கழட்டிறவா?”

சுபாங் ஜெயாவில் தன் தம்பியின் கல்யாண டின்னருக்குப் போன கஸ்தூரி, மண்டபத்து பாத்ரூமிலிருந்து போனில் பேசினாள். நான் கிள்ளானில் என் கடையின் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தேன்.

“கழட்டாதே!” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

என்னுடையது பண்டல் கடை. பழைய துணி மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, தேய்த்து மாட்டுவோம். எதுவும் யார் அளவுக்கும் இருக்காது என்பதால் என் தொழிலில் பாதி பெல்ட்தான். தொளதொள கவுனை இடுப்பில் ஒடுங்கிய இடம் பார்த்துக் கட்டி, பெல்ட்டுக்கு மேலே துணியைக் கொஞ்சம் இழுத்து விட்டால் நீளமும் குறையும், அகலமும் அடங்கும். ஊருக்கே இடுப்பு தேடிக் கொடுக்கிற எனக்கு, என் இடுப்பு எங்கே என்று தெரியாது. தொப்பை மறைப்பதால், என் பெல்ட்டை நான் குனிந்து பார்த்து ரொம்ப நாளாகிறது.

கஸ்தூரி பண்டமாரானில் ஒரு லோரி கம்பெனியில் கிளார்க். டின்னருக்கு முதல் நாள் கடைக்கு வந்தாள்.

“பொண்ணு வீடு பங்சார் அண்ணே, வசதியானவங்க. மெயின் டேபிள்ல அவங்களோட உட்காரணும். பண்டல்னு தெரிஞ்சா என் தம்பிக்குத்தான் அசிங்கம்.”

கரும்பச்சையில் ஒரு நீள கவுன் கிடைத்தது. நல்ல துணி, ஆனால் இரண்டு சைஸ் பெரிது. தைக்க நேரமில்லை. மிச்சத் துணியை முதுகுப் பக்கம் மடித்து, வரிசையாக ஊக்கு குத்தி, அதன் மேல் அகலமான தோல் பெல்ட்டை இறுக்கிக் கட்டினேன். பெல்ட் ஊக்கை மூடிவிட்டது.

“சூப்பர் லா அண்ணே!” என்று கண்ணாடி முன்னால் ஒரு சுற்று சுற்றினாள். அவள் நின்றாள், நானும் நின்றேன், மூலையில் கடை பொம்மையும் நின்றது. யாரும் உட்காரவில்லை.

மண்டபத்தில் உட்கார்ந்ததும் பெல்ட் விலா எலும்புக்கு ஏறிவிட்டது. ஒரு வாய் சோறு இறங்கவில்லை என்றாள் போனில்.

“பொண்ணோட அம்மா பிரியாணிய வச்சிக்கிட்டே இருக்காங்க அண்ணே. நான் தொடவே இல்ல. ‘எங்க சாப்பாடு புடிக்கலையா?’ன்னு கேட்டுட்டாங்க. மூஞ்சியே மாறிப்போச்சு.”

“ஒரு ஓட்டை தளர்த்திப் பாரு.”

“பார்த்தேன். கீழ இறங்கிருச்சு. பின்னால ஊக்கெல்லாம் பல்ல காட்டுது.”

சட்டென்று மண்டபத்து நாற்காலி ஞாபகம் வந்தது.

“உன் நாற்காலிக்கு ரிப்பன் கட்டியிருக்காங்களா?”

“ஆமா. தங்க கலர் சாட்டின், அகலமா.”

“அதை அவுத்து, பெல்ட்டுக்கு பதிலா இடுப்புல ரெண்டு சுத்து சுத்தி, ஊக்கு மேல முடிச்சு போடு.”

“கல்யாண வீட்ல திருடச் சொல்றீங்களா?”

“இரவல்தான், போ!”

கைப்பையால் முதுகை மறைத்துக்கொண்டு போய் அவிழ்த்து வந்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் போனுக்கு ஒரு படம் வந்தது. காலித் தட்டு.

மறுவாரம் கடை பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் மிச்சத்தைச் சொன்னாள். பெண்ணின் அம்மா ரிப்பனையும் பார்த்தாராம், மொட்டையாக நின்ற நாற்காலியையும் பார்த்தாராம். மறைக்க முடியாமல் பண்டல் வரைக்கும் எல்லாவற்றையும் இவள் உளறிவிட்டாள். அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் கண் கலங்கி, பட்டுச்சேலை மேல் கட்டியிருந்த ஒட்டியாணத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாராம்.

“‘நானும் காலையிலேர்ந்து சாப்பிடல சம்பந்தி, பிரியாணிய இந்தப் பக்கம் தள்ளு’ன்னாங்க அண்ணே.”

பெல்ட் கட்டி விற்க நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நிற்க வைத்து விற்காதீர்கள். என் கடைக் கண்ணாடி முன்னால் இப்போது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்கிறது. பெல்ட்டைக் கட்டியதும் உட்காரச் சொல்வேன். கூச்சப்படுகிறவர்களுக்கு நானே முதலில் உட்கார்ந்து காட்டுவேன்.

இது இரண்டாவது ஸ்டூல்.