பேனரில் அவள் இல்லை

ஐடி வேலையை விட்டுவிட்டு விளையாட்டு வீரர்களுக்கு ஏஜென்ட் ஆகப்போகிறேன் என்றதும், எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். திருவேற்காட்டு ஃபிளாட்டின் ஹால்தான் ஆபீஸ். என்னை நம்பி வந்தது ஒரே ஒருத்தி: நெமிலிச்சேரியில் பளு தூக்கும் பெண், ஷேர் ஆட்டோ ஓட்டுபவரின் மகள்.

அவள் பயிற்சி செய்த கொட்டகை மழைக்கு ஒழுகும். ஒருமுறை வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது என்று போனில் சொன்னாள். நல்ல பயிற்சிக்கூடம் கட்ட அரசு பாதிச் செலவைத் தரும். மீதியைத் தனியார் ஒருவர் ஏற்க வேண்டும். ஆறு மாதம் நாயாக அலைந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் தயாரிக்கும் முதலாளி ஒருவர் கடைசியில் சரி என்றார். விண்ணப்பம் அவள் பெயரில் என்பதால், பாக்கி அவளுடைய சம்மதக் கையெழுத்து மட்டும்தான். வெள்ளிக்கிழமைக்குள் ஃபைல் போகாவிட்டால் கூடம் வேறு ஊருக்குப் போய்விடும்.

நம் பக்கத்தில் நல்லது நடந்தால் பேனர் வைக்காமல் இருக்க முடியுமா? சென்னீர்குப்பத்தில் நானும் வைத்தேன். முதலாளி, அவர் மனைவி, விளையாட்டுத் துறை அதிகாரி, கவுன்சிலர், ஓரத்தில் கைகூப்பியபடி நான். யார் படம் பெரிது என்று டிசைனரோடு ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டியிருந்தேன்.

புதன்கிழமை காலை அவளிடமிருந்து போன்.

"அண்ணா, பஸ்ல வந்துகினு பேனர் பாத்தேன். அதுல நான் எங்கண்ணா கீறேன்?"

"இடம் பத்தலம்மா. அடுத்ததுல பெருசா போட்டுடலாம்."

"உங்களுக்கு மட்டும் இடம் கீதா? அப்போ கையெழுத்தையும் நீங்களே போட்டுக்கோங்க."

வைத்துவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்! யாருக்காக இத்தனை படி ஏறி இறங்கினேன்? அந்தக் கோபத்தோடேயே டிசைனரைக் கூப்பிட்டு, பேனரை மாற்ற வேண்டும் என்றேன்.

"மாத்திடலாம் அண்ணாத்தே. அந்தப் பொண்ணு போட்டோ ஒண்ணு அனுப்பு."

போனில் தேடினேன். முதலாளியோடு செல்ஃபி, அதிகாரியின் அறை, ஃபைலின் ஒவ்வொரு பக்கம். அவள் எங்குமே இல்லை. விண்ணப்பத்தில் ஒட்டிய ஸ்டாம்ப் சைஸ் படம் மட்டும் இருந்தது. இரண்டு வருடம் அவளுக்கு ஏஜென்ட் நான். அவள் பளு தூக்கும் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் கொட்டகைக்குப் போனேன். சம்மதப் படிவத்தை வண்டியிலேயே விட்டுவிட்டு ஓரமாக நின்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு முறை கம்பி கை நழுவிக் கீழே விழுந்தது. மூன்றாவது முறை கழுத்து நரம்பு புடைக்கத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தினாள். அடேயப்பா! என்னையறியாமல் கைதட்டினேன்.

துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தாள். "போட்டோ எடுத்தீங்களா?"

"மறந்துட்டேன்மா."

சிரித்துவிட்டாள். பிறகு வண்டியிலிருந்த படிவத்தைக் கேட்டு வாங்கி, ஜன்னல் கட்டையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். கம்பி வழுக்காமலிருக்கப் பூசிய பவுடர் படிந்த விரல்கள் தாளில் வெள்ளையாகப் பதிந்தன.

அவளுக்குப் பயிற்சி தரும் மாஸ்டர், நான் யாரென்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அங்கே வந்து ஒரு வருடம் ஆகிறது.

"மாஸ்டர், இவர்தான் என் ஏஜென்ட்," என்றாள். "நீங்க பாத்ததில்ல."